மூணு ஃபேஸ் குழுவும் புதன்கிழமைக் குப்பையும்

ஆ-ஹான் எனக்குத் தம்பி முறை. என் அம்மா அவள் வீட்டில் மூன்றாவது, அவன் அம்மா ஐந்தாவது. நடுவில் நாலாவதாகப் பிறந்த மாமா தைபே போய் ஒரு பல் வைத்தியர் மகளைக் கட்டிக்கொண்டு எங்களை மறந்தே போனார். அவர் பேச்சு இங்கே வேண்டாம். சின்னம்மாவுக்கு வாய்த்தவர் கோயிலுக்கும் சாவுக்கும் நாயனம் வாசிக்கிறவர். பிள்ளைக்கும் அந்தக் காற்று உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் அவன் ஊதவில்லை. சின்ன வயதில் யாரோ தூக்கிப் போட்ட ஒரு கீபோர்டை எடுத்து வந்தவன், அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

எங்கள் கம்சாலியாவ், தைனானுக்கு வடக்கே மீன் குட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. கல்யாணம், சாவு, சாமி பிறந்தநாள் மூன்றுக்கும் இங்கே கீபோர்டு வேண்டும். லாரியின் பின்பக்கத்தை மேடையாக்கி, கலர் விளக்கு போட்டு, ஒருத்தி பாடுவாள், ஆ-ஹான் வாசிப்பான். முப்பது வருஷம் இப்படியே பிழைத்தான். கல்யாணத்தில் கடைசியாகப் பழத்தட்டு வந்ததும் ஜனங்கள் மிச்சம் மீதியைப் பையில் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவன் பாட்டு பாதியில் நிற்கும். சாவு வீட்டில் கூலிக்கு அழுகிறவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் தவழ்ந்து போவாள், அவளுக்குப் பின்னால் இவன் அடக்கி வாசிக்க வேண்டும். கொஞ்சம் சத்தம் கூடினாலும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பி முறைப்பாள்.

அவன் பெண்டாட்டி சியோக்-இங் இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. கெட்டவள் இல்லை. மீன் வியாபாரக் குடும்பத்துப் பெண், எதையும் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவாள். அவள் அண்ணன் மீன் சாவடி வைத்திருந்தார். செதில் சுரண்ட ஆள் வேண்டுமென்று ஒரு வருஷம் அவர் கேட்டபோதுதான் ஆ-ஹான் வந்து ஆல்பம் போடப் போகிறேன் என்றான். என் கடையில்தான் அந்தப் பேச்சு நடந்தது. நான் கிண்ணத்தில் அரிசிமாவு ஊற்றி வேகவைத்து விற்கிறவள், காலையில் எல்லாரும் அங்கேதான் சண்டை போடுவார்கள்.

"ஆல்பம் போட்டு?" என்றாள் சியோக்-இங்.

"ஜனங்க வந்து கேப்பாங்க."

"எந்த ஜனங்க? உன் பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டது பொணம் மட்டுந்தான்."

"இது வேற மாதிரி. மிஷின் தாளம், மிஷின் சத்தம். டவுன்ல பசங்க இதுக்குத்தான் ஆடுறாங்க."

"சரி. அண்ணி, நீங்களே சாட்சி." என்னைப் பார்த்துச் சொன்னாள். "பந்திக்கு வந்தவன் கணக்குல இல்ல. பொணத்துக்கு வந்தவன் இல்ல. சாமி கும்பிட வந்தவனும் இல்ல. பாட்டுக்குன்னே வீட்டை விட்டுக் கெளம்பி வந்து, முடியற வரைக்கும் நின்னு கேக்கணும். அப்படி ஒரு இருபது பேரைக் காட்டட்டும். இல்லைன்னா கீபோர்டை வித்துட்டு எங்க அண்ணன் சாவடிக்கு வரட்டும்."

"பத்துன்னு வெச்சுக்கலாமே."

"மீனா வாங்குறே, பேரம் பேச?"

ஆ-ஹான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அவனுக்கு மீன் சாவடி என்றால் பயம். அங்கே ரேடியோகூட வைக்க விடமாட்டார்கள், கத்தி கை தவறும் என்று.

குழுவில் மூன்று பேர். ஆ-ஹான் ஒருவன். சியோக்-இங்கின் தங்கை பிக்-லியான் இன்னொருத்தி. நெடுஞ்சாலை ஓரக் கண்ணாடிக் கடையில் லாரிக்காரர்களுக்கு வெற்றிலைபாக்கு மடித்துக் கொடுக்கிறவள். மடிக்கிற வேகத்தில் விரல் பழகிப்போய், தாளப் பெட்டியின் பொத்தான்களைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள். மூன்றாவது ஆள் ஏசி மெக்கானிக் சூன்-தெக். அவனுக்கு சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் எந்த வயரை எங்கே செருகினால் என்ன ஊளையிடும் என்று தெரியும். குழுவுக்கு 'மூணு ஃபேஸ்' என்று பேர் வைத்தது அவன்தான்.

ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால் சிரிப்பீர்கள். மச்சானின் மீன் சாவடிக்குப் பின்னால் ஒரு பெரிய குளிர் அறை, கம்ப்ரஸர் கெட்டுப்போய்க் கிடந்தது. சுவர் கனம், கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. அதைச் சரி பண்ண வேண்டிய மெக்கானிக்கே சூன்-தெக்தான். ஜப்பானிலிருந்து பாகம் வர வேண்டும், கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்று அவன் மச்சானிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். மாதக்கணக்கில் அந்தக் கப்பல் வந்துகொண்டே இருந்தது. அதற்குள் ஆல்பத்தில் பாதி முடிந்தது.

பிறகு மச்சானுக்குப் பொறுமை போய் வேறு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் அரை நாளில் சரி பண்ணிவிட்டான். அன்றிலிருந்து அறைக்குள் பால்மீன் அடுக்கினார்கள். ஆனாலும் மூவரும் விடவில்லை. வெளியே வேர்த்துக் கொட்டுகிற ஆனி ஆடி மாதத்தில், பஞ்சு வைத்த கோட்டும் காதடைப்புக் குல்லாவும் போட்டுக்கொண்டு மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மிச்சப் பாட்டுகளைப் பதிவு பண்ணினார்கள். பிக்-லியானுக்குப் பல் கிடுகிடுத்தது. குரல் அலை அலையாக வந்தது.

"அத்தான், நடுங்குது. நாளைக்குப் பாடறேன்."

"நடுங்கட்டும். டவுன்ல குரலை நடுங்க வைக்கறதுக்குன்னே தனியா ஒரு பெட்டி வாங்கிப் போடறாங்க. உனக்கு ஓசில வருது."

ஆல்பத்துக்கு 'மைனஸ் பதினெட்டு' என்று பேர். கதவில் எழுதியிருந்தது, அதையே வைத்துக்கொண்டார்கள்.

கடைசிப் பாட்டுக்கு அன்றைக்கு ஆ-ஹான் ஒரு மெட்டு தேடிக்கொண்டிருந்தான். டேப் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம். சூன்-தெக் வயர் எடுக்கக் கதவைத் திறந்தான், திறந்ததும் தூரத்தில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. பிக்-லியான் மைக்கைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்க போறே? பாட்டு நடுவுல?"

"குப்பை அத்தான், குப்பை. நாளைக்குப் புதன்கிழமை, வண்டி கிடையாது. இறால் ஓடு நாறிக்கிட்டிருக்கு."

கோட்டும் குல்லாவுமாகவே வீட்டுக்கு ஓடி, இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். அதில் தப்பில்லை. எங்கள் ஊரில் குப்பையைத் தரையில் வைக்கக் கூடாது. மஞ்சள் வண்டி பாடிக்கொண்டு வரும்போது நாமே கையில் பிடித்துக்கொண்டு நின்று, நாமே வீச வேண்டும். விட்டால் அடுத்த வண்டிவரை குப்பையோடுதான் படுக்கை. என் பெரிய மருமகள் பிரசவ வலி எடுத்துக்கூட, பாட்டு கேட்டதும் பையை வீசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி காரில் ஏறினாள்.

பிக்-லியான் திரும்பி வந்தபோது ஆ-ஹான் டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியின் பாட்டு சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

"இதையே வெச்சுக்கலாம். இதுக்குக் கீழ தாளத்தைப் போடு," என்றான்.

"குப்பை வண்டிப் பாட்டையா?"

"ஊரே ஓடுற பாட்டு. நீயே ஓடினியே."

அப்படித்தான் அந்தப் பாட்டு உண்டாயிற்று. வண்டி தூரத்திலிருந்து வருகிற மாதிரி மெதுவாகத் தொடங்கும், கிட்டே வரும், அப்புறம் கீழே டம் டம்மென்று தாளம் ஏறும்.

எந்தப் பாட்டை முதலில் வைப்பது என்று மூவருக்கும் சண்டை. கோயிலுக்குப் போனார்கள். எங்கள் ஊர்ச் சாமி மூன்றாம் இளவரசர், குழந்தைச் சாமி. மிட்டாய், பம்பரம், குளிர்பானம் வைத்துத்தான் கும்பிடுவோம். அவர் முன்னால் பிறை மாதிரி செதுக்கிய இரண்டு கட்டைகளைப் போட்டுக் கேட்க வேண்டும். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி. இரண்டும் கவிழ்ந்தால் மாட்டேன். இரண்டும் நிமிர்ந்தால் சாமி சிரிக்கிறார், பதில் கிடையாது. ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிக் கட்டையைப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சாமி சிரித்தார். குப்பை வண்டிப் பாட்டைச் சொன்னதும் விடாமல் மூன்று தடவை சரி, சரி, சரி.

"அண்ணே, சாமிக்கு டேஸ்ட் இருக்கு," என்றான் சூன்-தெக்.

"குழந்தைங்க கிட்ட யோசனை கேட்டா இப்படித்தான் ஆகும்," என்றாள் பிக்-லியான். ஆனால் அவளும் விழுந்து கும்பிட்டாள்.

வெளியீட்டு விழா கோயில் முற்றத்தில். சியோக்-இங் தன் கண்டிப்பை விடவில்லை. பந்தி இல்லை, குலுக்கல் பரிசு இல்லை, தைவான் பீர் இல்லை. எங்கள் ஊரில் இவை மூன்றும் இல்லாமல் ஒரு விழாவா என்று நானே நினைத்தேன். புதன்கிழமை சாயங்காலம்தான் முற்றம் காலியாகக் கிடைத்தது. அதற்கு முந்தின நாள் புயல் வந்து போனது. பெரிய சேதமில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமைக் குப்பை வண்டி வரவில்லை. ஊர் முழுக்க வீட்டுக்குள்ளே பப்பாளித் தோலும் மீன் குடலும் வெந்துகொண்டிருந்தன.

ஸ்பீக்கர் கட்டி, விளக்கு போட்டு, மூவரும் மேடையில் ஏறினார்கள். முற்றத்தில் நான், சியோக்-இங், ஒரு நாய். சியோக்-இங் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நாயைச் சேத்துக்கவா?" என்றாள்.

ஆ-ஹான் முகம் வெளுத்திருந்தது. முதல் பாட்டைப் போட்டான்.

குப்பை வண்டிப் பாட்டு ஸ்பீக்கர் வழியாக ஊர் மேல் பரவியது. முதலில் ஒரு ஜன்னல் திறந்தது. அப்புறம் கதவு சாத்துகிற சத்தம், செருப்புச் சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம். நாலு சந்திலிருந்தும் ஜனங்கள் ஓடி வந்தார்கள். புயலுக்கு ஈடாக இன்றைக்கு வண்டி விட்டிருக்கிறார்கள் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தலையில் சாயம் பூசினபடியே ஒருத்தி வந்தாள். சலூன்காரரும் வந்தார், சவரம் பாதியில் நின்ற வாடிக்கையாளரும் வந்தார். எல்லார் கையிலும் பை. பன்றிக்குப் போடுகிற எச்சில் வாளி வேறு. முற்றம் நிறைந்துவிட்டது.

ஆ-ஹான் பைகளைப் பார்க்கவில்லை. முகங்களைத்தான் பார்த்தான். முப்பது வருஷத்தில் இத்தனை முகம் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பினதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தான்.

ஜனங்கள் வண்டியைத் தேடினார்கள். பாட்டு கேட்கிறது, அப்படியானால் வண்டி பக்கத்தில்தான் இருக்க வேண்டும். குப்பையைக் கீழே வைக்கவும் முடியாது, சாமி சன்னதி வேறு. பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். கூட்டம் கலைகிற மாதிரி இருந்தபோதெல்லாம் பிக்-லியான் பொத்தானைத் தட்டி வண்டிப் பாட்டை நடுவில் விட்டாள். உடனே எல்லாரும் நிமிர்ந்து தெருமுனையைப் பார்த்தார்கள். இப்படியே எட்டுப் பாட்டும் முடிந்தன. கை வலித்தவர்கள் தாளத்துக்கு ஏற்ற மாதிரி பையைக் கை மாற்றிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆடுகிற மாதிரியே இருந்தது.

முடிந்ததும் டோஃபு விற்கிற தாவ் பெரியவர்தான் முதலில் கேட்டார். "ஏம்பா ஹான், வண்டி எங்க?"

"எந்த வண்டி பெரியப்பா?"

அப்புறம் அங்கே நடந்த பேச்சை நான் எழுத மாட்டேன். எச்சில் வாளி ஒன்று மேடைப் பக்கம் வந்து விழுந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

கூட்டம் போனதும் ஆ-ஹான் பெண்டாட்டியிடம் போனான். சட்டையில் நூடுல்ஸ் தொங்கியது. "வந்தாங்கல்ல? கடைசி வரைக்கும் நின்னாங்கல்ல?"

"குப்பைக்கு வந்தவன் கணக்குல இல்ல."

"நீ பந்தி சொன்னே, பொணம் சொன்னே, சாமி சொன்னே. குப்பையைச் சொல்லலையே. அக்கா, நீ சொல்லு, சொன்னாளா?"

சொல்லவில்லைதான். ஆனால் நான் அவர்கள் இருவர் நடுவிலும் வாயைத் திறக்கிறவள் இல்லை. "எனக்கு அடுப்புல வேலை இருக்கு," என்று வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் அவன் அடுத்த வாரமே சாவடிக்குப் போயிருப்பான். முடியவில்லை. திட்டினவர்களே ஆளுக்கொன்றாக சீடி கேட்டு வந்தார்கள். பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களை ஏமாற்றிப் பார்க்கத்தான். சலூன்காரர் கடையில் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரி பையோடு ஓடி வருவதைப் பார்த்துச் சிரித்தார். அவள் பதிலுக்கு அவர் ஜன்னலுக்குக் கீழே போட்டாள். ஒரு மாமியார், மருமகளைக் காலையில் எழுப்பவே அந்தப் பாட்டைப் போட்டாள். ஒரே வாரத்தில் ஊரில் யாரும் அந்தப் பாட்டை நம்புவதில்லை என்று ஆகிவிட்டது. நிஜமான வண்டி நிஜமாகப் பாடிக்கொண்டு வந்தது. ஜனங்கள் வீட்டுக்குள் இருந்தபடியே, "ஹான் தொல்லை தாங்கலப்பா," என்று டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள். வண்டி காலியாக வந்து காலியாகப் போனது.

குப்பை வண்டி மேஸ்திரி பாங், என் மூத்த நாத்தனாரின் சம்பந்தி, நல்ல மனுஷர், ஆ-ஹானைத் தேடி என் கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இருபது வருஷமா வண்டி ஓட்டறேன். நான் வந்தா ஜனங்க ஓடி வருவாங்க. இப்ப ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல. மனசு விட்டுப் போச்சு."

"எனக்கு முப்பது வருஷமா அப்படித்தான் இருந்துச்சு அண்ணே," என்றான் ஆ-ஹான்.

பாங் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வண்டி வராத நாள் புதனும் ஞாயிறும். அந்த இரண்டு நாளில் மட்டும் ஆ-ஹான் பாட்டு. மற்ற ஐந்து நாளும் அந்தப் பாட்டு வண்டிக்குச் சொந்தம், யார் வீட்டிலும் சீடி போடக் கூடாது. பாங் ஒவ்வொரு முனையிலும் வண்டியை நிறுத்தி ஒலிபெருக்கியில் இதைச் சொன்னார். புதன்கிழமை கேட்டால் அது ஹான், வண்டி இல்லை, சத்தியமாக இல்லை, வராதீர்கள் என்றார்.

இதைக் கேட்டுவிட்டு சியோக்-இங் வந்தாள். "அப்ப வர்ற புதன்கிழமை போடு. இப்பத்தான் சரியான எடை தெரியும். எவனும் குப்பைன்னு நெனச்சு வர மாட்டான்."

"வரலைன்னா?"

"அண்ணன் உனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வெச்சிருக்காரு."

புதன்கிழமை வந்தது. புயல் இல்லை, செவ்வாய்க்கிழமை வண்டி ஒழுங்காக வந்து போயிருந்தது. மூவரும் மேடையில். முற்றத்தில் நானும் சியோக்-இங்கும். அன்றைக்கு நாய்கூட இல்லை. பாட்டு தொடங்கியது. வண்டி தூரத்திலிருந்து வந்தது, கிட்டே வந்தது, தாளம் ஏறியது. ஒரு கதவும் திறக்கவில்லை. முதல் பாட்டு முடிந்தது. ஆ-ஹான் குனிந்த தலை நிமிராமல் இரண்டாவதைத் தொடங்கினான். ரப்பர் பூட்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பான்.

அப்போது சந்திலிருந்து தாவ் பெரியவர் வந்தார். கையில் குப்பைப் பை.

"அடடே, வண்டின்னு நெனச்சுட்டேன்," என்றார். ஆனால் போகவில்லை. தூண் ஓரமாக நின்றுகொண்டார்.

அவர் பின்னால் சாயத் தலைக்காரி வந்தாள், பையோடு. "புதன்கிழமையா இன்னிக்கு? மறந்தே போச்சு." அவளும் நின்றாள். சலூன்காரர், அவர் எதிர்வீட்டுக்காரி, மாமியாரும் மருமகளுமாக ஒரு பை. ஒவ்வொருத்தரும் வந்து நெற்றியில் அடித்துக்கொள்வார்கள், மறந்துவிட்டேன் என்பார்கள், நின்றுவிடுவார்கள். மேஸ்திரி பாங்கே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீங்களுமா அண்ணே? வண்டியே உங்களுதாச்சே," என்றேன் நான்.

"பழக்கம் விடல அக்கா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சியோக்-இங்குக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தீங்களா அண்ணி? மறுபடியும் குப்பை. இவங்களுக்குக் கிழமையே தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே தாவ் பெரியவரிடம் போய், அவர் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

பிடுங்கினவள் அப்படியே நின்றாள். அவள் எடை பார்க்கிற கை. பையை ஒரு தரம் ஏற்றி இறக்கினாள். பிரித்துப் பார்த்தாள். உள்ளே கசக்கின செய்தித்தாள் ஒன்று, மிச்சமெல்லாம் காற்று.

பெரியவர் கோயில் கூரையைப் பார்த்தார். "கையை வீசிக்கிட்டு வந்து ஹான் பாட்டைக் கேட்டா நாலு பேர் என்னம்மா சொல்லுவாங்க? எனக்கும் வயசாச்சு."

சியோக்-இங் அடுத்த ஆளிடம் போனாள். அவர் பையையும் தூக்கிப் பார்த்தாள். அதற்கடுத்த ஆள். கூட்டத்துக்குள் புகுந்து, மீன் சந்தையில் பெட்டி பெட்டியாகத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு பையாகத் தூக்கிக்கொண்டே போனாள். ஒருத்தரும் தடுக்கவில்லை, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். சாயத் தலைக்காரியின் பையில் இரண்டு தலையணை உறை. மேஸ்திரி பாங் பையில் இன்னொரு பை. சலூன்காரருடையது மட்டும் கனத்தது. "இதுல முடி இருக்கு, நிஜக் குப்பைதான்," என்றார் அவர் வெட்கத்தோடு. அவரைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட்டாள். மேடையில் ஆ-ஹானுக்கு இது எதுவும் தெரியாது. பெண்டாட்டி கூட்டத்தில் சண்டை இழுக்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாக வாசித்தான்.

இருபதைத் தாண்டின பிறகும் அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டுவரை தூக்கிப் பார்த்தாள். முடிந்ததும் ஜனங்கள், "சே, வண்டி வரல," என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆ-ஹான் இறங்கி வந்தான். "எத்தனை?" என்றான்.

"கீபோர்டை மூடி வை, பனி விழுது," என்றாள் சியோக்-இங். "அண்ணன் கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சாவடிக்கு வேறு ஆள் எடுத்தார்கள், சூன்-தெக்கின் மைத்துனன் ஒருத்தன். ஆ-ஹானை விட இரண்டு அளவு பெரிய கால். அந்த பூட்ஸ் அவனுக்கு நுழையவில்லை, முன்பக்கத்தை வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்கிறான்.